நகை கழுவும் மெஷின்: எதைப் போடலாம், எதைப் போட்டு நான் அவதிப்பட்டேன்

"எந்த நகையும் மூன்றே நிமிடத்தில் புதுசு போல" என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த "எந்த நகையும்" என்ற வார்த்தையில்தான் எனக்கும் இந்த மெஷினுக்கும் தகராறு. மற்றபடி மெஷின் நல்ல மெஷின். நாலு மாதமாக வீட்டில் இருக்கிறது, வாரம் ஒரு தடவையாவது ஓடுகிறது, இன்னும் பழுதாகவில்லை. ஆனால் இதை வாங்குவதற்கு முன்னால் யாராவது எனக்கு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பொன் எது, முலாம் எது, முத்து எதனால் ஆனது என்று சொல்லியிருந்தால் ஒரு ஜோடி கம்மலும் கொஞ்சம் மானமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சாமானைப் பற்றி. அல்ட்ராசோனிக் கிளீனர் என்று விற்கிற சின்னப் பெட்டி. உள்ளே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் பிடிக்கும், ஒரு பிளாஸ்டிக் கூடை, மேலே கண்ணாடி மாதிரி மூடி. தொட்டியின் அடியில் ஒரு அதிர்வுத் தகடு இருக்கிறது. அது நொடிக்கு நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் லட்சக்கணக்கில் உண்டாகி உடனே உடைகின்றன. உடையும்போது பக்கத்தில் இருக்கிற அழுக்கை ஒரு தட்டுத் தட்டிப் பெயர்த்துவிடும். பிரஷ் போகாத சந்துபொந்தெல்லாம் தண்ணீர் போகும், தண்ணீர் போகிற இடமெல்லாம் குமிழி போகும், அவ்வளவுதான் சூட்சுமம். பெட்டியில் எழுதியிருக்கிற மற்ற அறிவியல் எல்லாம் அலங்காரம்.

மெஷின் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. அலுமினியத் தாளில் ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாள் முழுக்க ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழுந்திருக்கும், சில இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கும். வெறும் நடுக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு அல்ட்ராசோனிக் என்று பெயர் வைத்து விற்கிற மலிவுப் பெட்டிகளில் தாள் அப்படியே வெளியே வரும். என்னுடையது தேறியது. அந்தத் தாளைப் பார்த்தபோதே, இது மென்மையான பொருளை என்ன செய்யும் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வாங்கியதற்குக் காரணம் ஒரு வைர மோதிரம். தினமும் போடுவது, சமையல், சோப்பு, கிரீம் எல்லாம் அதன் மேல்தான். கல் செத்துப்போன மீன் கண் மாதிரி ஆகிவிட்டது. வைரம் இந்த விஷயத்தில் விசித்திரமானது, அது தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வைரத்தின் பளபளப்பு முழுவதும் மேலிருந்து நுழைந்த வெளிச்சம் அடிப்பக்கத்துப் பட்டைகளில் பட்டுத் திரும்பி வருவதில் இருக்கிறது. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிட்டால் வெளிச்சம் திரும்பாமல் கீழேயே கசிந்துவிடும். நாமோ மேல்பக்கத்தையே துடைத்துக்கொண்டிருப்போம். பாத்திரம் கழுவும் திரவத்தில் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று நிமிடம். மோதிரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை கிளம்பித் தண்ணீரில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். எடுத்து அலசித் துடைத்ததும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அந்தக் குஷியில் வீட்டில் இருக்கிற நகைப் பெட்டியையே கவிழ்த்துவிட்டேன்.

பொன் நகைகளில் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். பொன் தானாகக் காற்றோடும் தண்ணீரோடும் சேராது, துருப்பிடிக்காது, கறுக்காது. ஆனால் நாம் போடுகிற நகை சுத்தப் பொன் இல்லை. 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதுதான் 22 காரட். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். மிச்சம் செம்பு, வெள்ளி, சில சமயம் துத்தநாகம். காரட் குறையக் குறைய உறுதி கூடும், அதோடு வியர்வைக்கும் காற்றுக்கும் கறுக்கிற பங்கும் கூடும். பழைய 14 காரட் சங்கிலியைக் கழற்றியதும் கழுத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம், அது கலப்பு உலோகத்தின் வேலை.

மெஷின் சங்கிலிக் கண்ணிகளுக்குள் இருந்த அழுக்கை நன்றாக எடுத்தது. திருகாணியின் மரைக்குள் சேர்ந்திருந்த பச்சையும் கறுப்புமான பிசுக்கு, எத்தனை தடவை ஊசியால் குத்தியும் வராதது, தானாக வெளியே வந்தது. (அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் இருப்பது நல்லது, காதில் இவ்வளவு நாள் இதையா மாட்டிக்கொண்டிருந்தோம் என்று இருக்கும்.) ஆனால் அம்மாவின் வளையல் மங்கலாகவே வெளியே வந்தது. மூன்று தடவை போட்டும் அதே கதை. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லடி, தேய்மானம். முப்பது வருஷம் கையில கிடந்தா நீயும் இப்படித்தான் இருப்ப" என்றார். சரிதான். எது எதைக் கீறும் என்று ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்துகிற மோஸ் அளவில் பொன்னின் கடினம் ரெண்டரையிலிருந்து மூன்று, கிட்டத்தட்ட நம் விரல் நகத்தின் கடினம். வளையலோடு வளையல் உரசினாலே கீறல் விழும். நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் சேர்ந்தால் மங்கலாகத் தெரியும். கழுவிக் கீறல் போகாது, அதற்கு மெருகு போட வேண்டும். மெருகு என்பது மேல் பொன்னைக் கொஞ்சம் அரைத்து எடுப்பதுதான், அதனால் அடிக்கடி மெருகு போடச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. பற்பசையில் இருப்பது பல்லின் மேல் படிந்ததைச் சுரண்டுவதற்கான பொடி, சிலிக்கா மாதிரி. பல்லின் எனாமல் பொன்னைவிட எவ்வளவோ கடினம். எனாமல் தாங்குகிறதைப் பொன் தாங்காது. பிரஷ் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். பசையைப் பல்லுக்கே விட்டுவிடுங்கள்.

வெள்ளைத் தங்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது, தங்கச்சியுடையது. மெஷினில் போட்டு எடுத்ததும் லேசாக மஞ்சளடித்தது, மெஷின் கெடுத்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நடந்தது வேறு. வெள்ளைத் தங்கம் என்பது பொன்னோடு நிக்கலோ பல்லேடியமோ கலந்து வெளுக்கவைத்தது. ஆனாலும் முழு வெள்ளையாக வராது, அதனால் மேலே ரோடியம் என்கிற வெள்ளை உலோகத்தை முலாமாகப் பூசி விற்பார்கள். தினமும் போடும் மோதிரத்தில் அந்த முலாம் ஒன்றிரண்டு வருஷத்தில் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துவிடும். அழுக்கு மூடியிருந்ததால் தெரியவில்லை, கழுவியதும் தெரிந்துவிட்டது. மறுபடி ரோடியம் பூசிக்கொண்டால் தீர்ந்தது. வெள்ளைத் தங்கம் வைத்திருப்பவர்கள் குளோரினுக்குப் பயப்பட வேண்டும். நீச்சல் குளத்துத் தண்ணீரிலும் பிளீச்சிலும் இருக்கிற குளோரின் பொன்னை ஒன்றும் பெரிதாகச் செய்யாது, கூட இருக்கிற நிக்கலைத் தின்னும். கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய பிடிகள் ஒரு நாள் பொசுக்கென்று உடையும். அதேபோல பாதரசம் இருக்கிற பழைய வெப்பமானி உடைந்தால் கையில் மோதிரத்தோடு பெருக்கப் போகாதீர்கள். பாதரசம் பொன்னோடு உடனே ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், எந்த மெஷினும் அதை எடுக்காது.

அப்புறம் வெள்ளி. இங்கேதான் விளம்பரப் படம் அப்பட்டமாகப் பொய் சொல்கிறது. படத்தில் கறுத்த வெள்ளிச் சங்கிலி ஒரு பக்கம் போகிறது, வெள்ளை வெளேரென்று மறுபக்கம் வருகிறது. என் கறுத்த வெள்ளிக் கொலுசு கறுப்பாகவே போய், சுத்தமான கறுப்பாக வெளியே வந்தது. அழுக்குப் போயிற்று, கறுப்புப் போகவில்லை. ஏனென்றால் அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கே இல்லை. காற்றில் கொஞ்சமாக இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடுகிறது, மேல்தோலே மாறிவிட்ட மாதிரி. 925 முத்திரை போட்ட வெள்ளியில் ஏழரை சதவிகிதம் இருக்கிற செம்பும் இந்தக் கூத்தில் சேர்ந்துகொள்ளும். குமிழி உடைந்து உடைந்து ஒட்டின அழுக்கைத்தான் பெயர்க்க முடியும், வேதியியலை மாற்றாது.

அதற்கு மெஷினே வேண்டாம். ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா ஒரு கரண்டி தூவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, வெள்ளி அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தால், நிமிடக்கணக்கில் கறுப்புக் கரையும். கந்தக வாடை மூக்கைத் துளைக்கும், அதுதான் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி, சல்ஃபைடில் இருந்த கந்தகத்தை அலுமினியம் பிரித்து விடுகிறது, வெள்ளி திரும்ப வெள்ளியாக அங்கேயே தங்கிவிடுகிறது. தேய்த்து எடுத்தால் கறுப்போடு வெள்ளியும் போகும், இதில் போவதில்லை. ஆனால் வெறும் வெள்ளிக்கு மட்டும்தான் இது. கல் இருந்தால், முத்து இருந்தால், வேண்டுமென்றே கறுப்பேற்றி வேலைப்பாட்டை எடுத்துக்காட்டுகிற ஆக்ஸிடைஸ்டு நகையாக இருந்தால் கிட்டே போகாதீர்கள். அந்தக் கறுப்பும் சல்ஃபைடுதான், அலுமினியத்துக்கு அழகு, அழுக்கு என்ற வித்தியாசம் தெரியாது, மொத்தமாக வெளுத்துவிடும்.

இப்போது அந்தக் கம்மல் கதை. முலாம் பூசின கம்மல், நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கல், சுற்றிலும் குட்டிக் குட்டி வெள்ளைக் கற்கள். விசேஷமான பொருள் இல்லை, ஆனால் அக்கா முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்தது. மூன்று நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் கூடையில் கம்மல் தனியாகவும் கற்கள் தனியாகவும் கிடந்தன. பிடிகள் என்று நான் நினைத்தது எல்லாம் வார்ப்பிலேயே வந்த அலங்காரம், கற்கள் பசையால் ஒட்டப்பட்டவை. பசை வெந்நீரில் இளகி, அதிர்வில் விட்டுவிட்டது. குட்டிக் கற்களுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்காக வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று இருந்தது, அதற்குள் தண்ணீர் போய் ஒரு வாரத்தில் பாதிக் கற்கள் கறுத்துவிட்டன. கற்களைத் திரும்ப ஒட்டிவிட்டேன், ஆனால் பழைய களை வரவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும்.

முலாம் நகையில் கனம்தான் எல்லாம். மெல்லிய முலாம் என்பது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுக்குக்கூட இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. நம் தலைமுடியே ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெர்மீல் என்று ஒரு வகை உண்டு, வெள்ளியின் மேல் கனமாகப் பொன் பூசியது, அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் 2.5 மைக்ரானாவது பொன் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் (FTC) வழிகாட்டுதல் இருக்கிறது. கோல்டு ஃபில்டு என்பது வேறு, அதில் பொன் தகட்டை அழுத்தி ஒட்டியிருப்பார்கள், மொத்த எடையில் இருபதில் ஒரு பங்காவது அந்தத் தகடு, அதனால் வருஷக்கணக்கில் தாங்கும். விற்கிறவர் மூன்றையும் "கோல்டு" என்றுதான் சொல்லுவார். என்ன முலாம், எத்தனை மைக்ரான், அடியில் என்ன உலோகம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் என்ன உலோகம் என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பித்தளை மேல் நேராகப் பொன் பூசினால் செம்பு மெல்ல மெல்லப் பொன்னுக்குள் ஊறி மேலே வந்துவிடும். அதைத் தடுக்க நடுவில் நிக்கல் ஒரு பூச்சுப் பூசுவது வழக்கம். மேல் முலாம் தேய்ந்ததும் தோலைத் தொடுவது அந்த நிக்கல்தான். "ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று காது அரிக்கிறது" என்கிற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலைத் தொடும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, குத்திய துளைக்குள் போகிற கம்பிக்கு 0.2 தான். காது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் நல்லது. முலாம் நகையை நான் இப்போது ஈரத்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி, பெட்டியில் வைத்துவிடுகிறேன். தேய்ப்பதே இல்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். கூட வந்த கையேட்டில் ஒரு படப்பட்டியல் இருக்கிறது, "இவற்றைச் சுத்தம் செய்யலாம்" என்று. மூக்குக்கண்ணாடி, பல்செட், சீப்பு, கைக்கடிகாரப் பட்டை, மோதிரம், அதற்கு அடுத்து முத்துமாலை. முத்துமாலை! அச்சடித்தவர் முத்தைப் பார்த்திருப்பாரா என்றே சந்தேகம். முத்து கல்லே இல்லை. சிப்பி தன் உடம்புக்குள் அடுக்கடுக்காகச் சுரந்த கால்சியம் கார்பனேட், அடுக்குகளுக்கு நடுவே புரதப் பசை. மோஸ் அளவில் ரெண்டரை முதல் நாலரை வரைதான். அதிர்வு அந்த அடுக்குகளைப் பிரிக்கலாம், துளை போட்ட இடத்தில் சில்லு பெயரலாம். அமிலம் பட்டால் கரையும், நம் வியர்வையே லேசான அமிலம்தான். வெள்ளிக்கு என்று விற்கிற முக்கி எடுக்கிற திரவத்தில் முத்து வைத்த வெள்ளிக் கம்மலை முக்கினால் வெள்ளி மின்னும், முத்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளியே வரும். போதாக்குறைக்கு, மாலை கோத்திருக்கும் பட்டு நூல் ஈரத்தில் ஊறி நீண்டு, உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு காயும்.

நல்லவேளையாக எங்கள் வீட்டு முத்துமாலை என்னிடம் இல்லை, சித்தியிடம் இருக்கிறது. சித்தி மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டு மாலையோடு வந்து நின்றபோது, கம்மல் விஷயத்தில் அடிபட்டிருந்த நான் அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். "என்னடி, மெஷின வச்சுக்கிட்டு துணியால தொடச்சுத் தர்ற?" என்று கேட்டார். முத்துக்கு அதுதான் முறை. போட்டுக் கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, படுக்கவைத்து உலர்த்தி, துணிப்பையில் வைக்க வேண்டும். தொங்கவிட்டால் நூல் நீளும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் வருஷக்கணக்கில் மூடி வைக்கக்கூடாது, முத்து ரொம்பக் காய்ந்தாலும் வெடிக்கும். சென்ட், ஸ்பிரே, பவுடர் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுவது, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவது. அடிக்கடி போடுகிற மாலையை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது நூலில் கோக்கக் கொடுப்பது, முத்துக்கு முத்து முடிச்சுப் போடச் சொல்லி. முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும், ஒன்றோடொன்று உரசியும் தேயாது.

முத்தைப் போலவே பவளமும் கால்சியம் கார்பனேட்தான், அதையும் போடக்கூடாது. ஓப்பலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, சூடும் அதிர்வும் பட்டால் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும். டர்காய்ஸ் பஞ்சு மாதிரி உறிஞ்சுகிற கல், எண்ணெயும் கிரீமும் குடித்து நீலம் பச்சையாகிவிடும். அம்பர் மரப்பிசின் காலக்கணக்கில் இறுகியது, ரெண்டு, ரெண்டரைதான் கடினம்.

மரகதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கடினம் ஏழரை, எட்டு என்று பார்த்து யாரும் ஏமாந்துவிடுவார்கள். மரகதத்துக்கு உள்விரிசல் இயல்பு. பெரும்பாலான மரகதங்களில் விரிசல் தெரியாமலிருக்க நிறமில்லாத எண்ணெயோ பிசினோ ஊறவைத்திருப்பார்கள், இது தொழிலில் ஒளிவுமறைவில்லாத பழைய வழக்கம். மெஷினில் போட்டால் அந்த எண்ணெய் வெளியேறும், அதுவரை மறைந்திருந்த கோடுகள் எல்லாம் ஒரே நாளில் தெரியும். கல் உடைந்துவிட்டது என்று கடைக்கு ஓடுவோம். உடையவில்லை, எப்போதும் இருந்ததுதான். மாணிக்கமும் நீலமும் ஒன்பது கடினம், விரிசலில் கண்ணாடி நிரப்பாதவை என்றால் மெஷினைத் தாங்கும். மலிவான மாணிக்கங்களில் ஈயக் கண்ணாடி நிரப்பியவை நிறைய வருகின்றன, அவற்றுக்கு வீட்டில் இருக்கிற லேசான அமிலத் திரவமே ஆபத்து. வாங்கும்போது கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று எழுதி வாங்கியிருந்தால் பிழைத்தீர்கள். தெரியாத கல் என்றால் போடாதீர்கள்.

கடினத்தைப் பற்றிப் பேசுகிறபோது தூசியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கும், கடினம் ஏழு. ஏழுக்குக் கீழே இருக்கிற எந்தக் கல்லையும் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாள். முதலில் ஊதியோ அலசியோ தூசியைப் போக்கிவிட்டுத் துடைப்பது நல்லது. வைரத்தை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள் என்பதும் இதே கணக்குதான், பத்துக் கடினம் எல்லாவற்றையும் கீறும், இன்னொரு வைரத்தையும்.

ரெண்டாவது மாதம் இன்னொன்று நடந்தது. இதற்கு மெஷினைத் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்னும் தெரியவில்லை. பாட்டி காலத்து மோதிரம், ஏழு சின்ன வைரம். எடுத்தால் ஆறுதான் இருந்தது. ஏழாவது கூடையின் மூலையில் கிடந்தது. அடித்துப்பிடித்துக்கொண்டு பத்தரிடம் எடுத்துப்போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பிடி ரெண்டு எப்போதோ தேய்ந்துபோய்விட்டது, இத்தனை நாள் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது அழுக்குதான் என்றார். மெஷின் அழுக்கை எடுத்தது, கல் விழுந்தது. கையில் இருக்கும்போது விழுந்திருந்தால் தெருவில் போயிருக்கும், கூடையில் விழுந்ததால் கிடைத்தது. அதிலிருந்து எந்தக் கல் மோதிரத்தையும் போடுவதற்கு முன் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறேன். கல் ஆடினால் கிலுகிலு என்று நுண்ணிய சத்தம் கேட்கும். கேட்டால் மெஷின் பக்கமே போகாமல் நேராகப் பத்தர். கூடையில்லாமல் நேராகத் தொட்டியில் போடக்கூடாது, தண்ணீரைக் கொட்டும்போது வடிகட்டி வைத்துக் கொட்ட வேண்டும், தொட்டித் தண்ணீரைக் கல் இருக்கிறதா என்று எண்ணாமல் கழிவுத்தொட்டியில் கவிழ்க்கக்கூடாது. இவை எதுவும் கையேட்டில் இல்லை.

கூட வந்த சாமான்களில் மஞ்சள் துணி ஒன்று நல்ல துணி. அதற்குள் மெருகுப்பொடி ஏற்றியிருக்கிறார்கள், வெள்ளிக்கும் பொன்னுக்கும் லேசாகத் தேய்க்கலாம், முலாமுக்கும் முத்துக்கும் ஆகாது. கறுத்துப்போனது என்று துவைத்துவிடாதீர்கள், பொடி போய் வெறும் துணியாகிவிடும், நான் துவைத்தேன். நீல நிறத்தில் ஒரு சின்னப் புட்டித் திரவம் வந்தது, என்ன கலந்திருக்கிறது என்று எழுதவில்லை, திறந்தால் அம்மோனியா நெடி. அம்மோனியா பொன்னையும் வைரத்தையும் ஒன்றும் செய்யாது, பித்தளையைக் கெடுக்கும், முத்துக்கு விஷம். அப்படியே மூடி வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டே போதும்.

மெஷினின் குறைகள் என்று பார்த்தால், சத்தம். கொசு ஆயிரம் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு கீச்சு, நாய் இருக்கிற வீட்டில் கதவை மூடிக்கொண்டு ஓட்டுங்கள். மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அது நல்லதுதான், ஆனால் தொடர்ந்து நாலு சுற்று ஓட்டினால் அடிப்பகுதி சூடாகிறது, நான் நடுவில் கொஞ்ச நேரம் விட்டுவிடுகிறேன். மின்கம்பி கழற்ற முடியாதது, தண்ணீரைக் கொட்டும்போது இடைஞ்சல். வெறும் தொட்டியாக ஓட்டிவிட்டால் அதிர்வுத் தகடு போய்விடும், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற அறிவு இதற்கு இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு அபாரம், ஆனால் கண்ணாடியின் மேல் பூச்சு ஏற்கெனவே உரிய ஆரம்பித்திருந்தால் மிச்சத்தையும் உரித்துவிடும். வளையல், குழல் சங்கிலி மாதிரி உள்ளே காலியாக இருக்கிற நகைகளைப் போட்டேன், பொடித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மூன்று நாள் கழித்து உடுப்பில் சொட்டியது. இப்போது அவற்றைப் போடுவதில்லை.

வெள்ளியை வைக்கிற இடத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது, பேண்டு இருந்த இடம் கறுப்பு வளையமாக நிற்கும். காற்றை வெளியேற்றி மூடுகிற சின்ன பிளாஸ்டிக் பைகள் வெள்ளிக்கு நல்லவை, முத்துக்கு ஆகாதவை.

அப்போ வாங்கலாமா? தினமும் போடுகிற வைர மோதிரம், நெருக்கமான வேலைப்பாடு உள்ள பொன் சங்கிலி, மூக்குக்கண்ணாடி, இந்த மூன்றும் வீட்டில் இருந்தால் வாங்கலாம். முத்தும் முலாமும் வெள்ளியும்தான் அதிகம் என்றால் ஒரு கிண்ணம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மிருதுவான பிரஷ், ஒரு நல்ல துணி போதும், அந்தக் காசை நூல் மாற்றவும் பிடி சரிபார்க்கவும் பத்தரிடம் கொடுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். போன ரெண்டும் கையேட்டில் இருந்த அந்த முத்துமாலைப் படத்துக்கு.

போன வாரம் சித்தி மெஷினை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார். கொடுப்பதற்கு முன் மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டினேன், முத்து, பவளம், மரகதம், ஓப்பல், முலாம், ஒட்டின கல், எதுவும் கூடாது என்று சிவப்பில் எழுதி. வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ எதத்தான்டி போடறது?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள் என்று சொன்னேன்.